திரும்பி வராத அட்டை

அத்தியாயம் பதினான்கு

கடிதம் மூன்று நாளாகத் தையல் மெஷின் டிராயரில் கிடந்தது.

முதல் நாள் சைனபா அதன் மேல் நூல்கண்டுகளை வைத்தாள். மறுநாள் பாபின் டப்பாவை. நேற்று கத்தரிக்கோலை. எவ்வளவு பாரம் ஏற்றியும் பயன் இல்லை. மெஷினை மிதிக்கும்போதெல்லாம் அது அடியில் கிடந்து அசைவது போலவே இருந்தது.

மூழிக்கடவு வலிநிவாரணச் சங்கத்தில் சம்பளம் வாங்குகிறவள் ஒருத்திதான், நர்ஸ் ரஸீனா. மற்ற எல்லோரும் தொண்டர்கள். ரஸீனாவின் உம்மா சைனபா வீடு வீடாகப் போய்ப் படுக்கைப் புண் கழுவுகிறவள். உப்பா அவறான், சைனபாவின் புருஷன், சந்தையில் லோடுமேன். லாரியில் மூட்டை இறக்கியது போக மிச்ச நேரத்தில் நடக்க முடியாதவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுவார்.

சங்கத்துக்கு ஒரு புகார்ப் பெட்டி உண்டு. பழைய பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டுப் பூட்டு மாட்டியது. சனிக்கிழமை மாலை மூன்று பேர் கூடித்தான் அதைத் திறக்க வேண்டும். வந்ததை உரக்கப் படிக்க வேண்டும். என்ன செய்தோம் என்று புத்தகத்தில் எழுத வேண்டும். சாவி சைனபாவிடம்.

திங்கட்கிழமை கூரை ஒழுகிப் பெட்டி மேல் தண்ணீர் சொட்டியது. உள்ளே காகிதம் நனையுமே என்று அவள் தனியாகத் திறந்தாள். ஒரே ஒரு கடிதம் இருந்தது. படித்தாள். தன் புருஷன் பெயரைப் பார்த்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எழுதியவன் பிரகாசன். இருபத்திரண்டு நாளுக்கு முன் புற்றுநோயில் இறந்த வேலாயுதனின் மகன்.

'அச்சனைத் தகனம் செய்த மூணாம் நாள் உங்கள் அவறான் வந்து தண்ணீர்ப் படுக்கையைத் திருப்பி எடுத்துப் போனார். அச்சனுக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த வலி மாத்திரை, பிரிக்காத ஒரு அட்டை, பத்து, அவர் கையில் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டார். சீட்டு கேட்டேன், வரும் என்றார். இதுவரை வரவில்லை. அச்சனுக்கு நீங்கள் செய்ததை நான் மறக்கிறவன் இல்லை. ஆனால் அந்த மாத்திரையை வெளியில் எப்படிப்பட்டவர்கள் தேடி அலைகிறார்கள் என்று எனக்கும் தெரியும்.'

அது மார்ஃபின். இரண்டு பூட்டுப் போட்ட அலமாரியில் இருக்கும் மருந்து. ஒவ்வொன்றும் யாருக்குப் போனது என்று எழுத வேண்டும். நோயாளி இறந்தால் மிச்சம் திரும்பி வர வேண்டும். வந்ததை இரண்டு சாட்சி முன்னால் பொடித்துக் கரைத்து, அதையும் எழுத வேண்டும்.

வேலாயுதன் பெயருக்கு நேரே பதிவேட்டில் 'திரும்பியது: இல்லை' என்றுதான் இருந்தது. அதன் கீழே இருந்தது ரஸீனாவின் கையெழுத்து.

உப்பாவைக் கேட்டு, உப்பா 'இல்லை' என்று சொல்லி, அவள் எழுதிய வரி.

இந்த மூன்று நாளில் சைனபா அவறானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே என்ற பயம்.

*

வியாழக்கிழமை காலை. மழை விட்டபாடில்லை. ரஸீனா புட்டை உடைத்துக் கடலைக்கறியில் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"உம்மா, சங்கத்துலருந்து மாஷ் போன் பண்ணினார். இன்னிக்கு மருந்துப் பரிசோதனைக்கு ஆள் வருதாம். பத்து மணிக்கு."

சைனபாவின் கையிலிருந்த பால் விடாத கட்டன் சாயா தளும்பி விரலில் பட்டது.

"இன்னிக்கா? முன்கூட்டியே சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லிட்டு வந்தா அது விருந்து. சொல்லாம வந்தாத்தான் பரிசோதனை." ரஸீனா சிரித்தாள். "ஏன் உம்மா முகம் இப்படிப் போகுது? என்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்குக் கூட நீங்க இப்படி வெளிறல. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரு மாத்திரை அங்க இங்க போகாது."

அவறான் தட்டைப் பார்த்தபடி இருந்தார். புட்டு பாதி அப்படியே இருந்தது. லாரி வேலைக்குப் போகிற அன்று அவர் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது.

"உப்பா, நீங்களும் வாங்களேன். பதிவேட்டைத் தூக்கிக் காட்ட ஒரு லோடுமேன் வேணும். அவ்வளவு கனம்."

"எனக்குச் சிமெண்ட் லாரி இருக்கு" என்றார் அவறான்.

ரஸீனா குடையை விரித்துக்கொண்டு போனாள். அவள் நர்ஸ் படித்து முடித்த அன்று அவறான் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். அந்தச் சுவர் ஈரத்தில் ஊறும் என்பதால் மழைக்காலம் தோறும் அதைக் கழற்றிப் பீரோவுக்குள் வைப்பார். இந்த வருஷமும் வைத்திருந்தார். சுவரில் ஆணி மட்டும் நின்றது.

சைனபா ஆணியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"வேலாயுதன் வீட்டுல படுக்கை எடுத்தீங்களே."

"ம்."

"படுக்கை மட்டும்தானா?"

அவறான் எழுந்து தலைத்துண்டை உதறினார். அதில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூசு அடுப்பு வெளிச்சத்தில் பறந்தது.

"லாரி வந்து நிக்கும்" என்று சொல்லி மழையில் இறங்கினார். குடையை எடுக்கவில்லை.

*

சங்கம் இருப்பது கொப்பரைக் கடையின் மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிரே லாரி நிற்கும் வெளி. எண்ணெய் வாசனையும் டெட்டால் வாசனையும் கலந்து வரும்.

தலைவர் அச்சுதன் மாஷ் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பரிசோதனை என்றதும் வேட்டியை மாற்றி, தின்பதற்குப் பழம்பொரி வாங்கி வைத்து, வாசலில் நின்றார்.

அதிகாரி பிரமீளா ஐம்பதைத் தொட்ட பெண். சேலைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. பின்னால் பையோடு ஒரு குமாஸ்தா.

"பழம்பொரி அப்புறம்" என்றார். "அலமாரி முதல்ல."

ரஸீனா ஒரு சாவி, மாஷ் ஒரு சாவி. அலமாரி திறந்தது. குமாஸ்தா அட்டைகளை மேஜையில் பரப்பினான். ஒரு மணி நேரம் எண்ணினார்கள். சைனபா மூலையில் நின்று பஞ்சு மடிப்பதாகப் பேர் பண்ணினாள். ஒரே பஞ்சை நான்கு தடவை மடித்தாள்.

"சரியா இருக்கு" என்றார் பிரமீளா.

மாஷ் மூச்சு விட்டார். ரஸீனா உம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். சைனபா பஞ்சைக் கீழே வைத்தாள். அல்லாஹ், போய்விடட்டும். பழம்பொரியைத் தின்றுவிட்டு இறங்கிப் போய்விடட்டும்.

"புகார்ப் புத்தகம்?"

மாஷ் பெருமையோடு நீட்டினார். பிரமீளா பக்கங்களைப் புரட்டினார். வாசிக்க வாசிக்க உதட்டோரம் லேசாக விரிந்தது.

"'தொண்டர் உண்ணி நோயாளி பக்கத்துல உட்கார்ந்து பாடுகிறார். வலியே தேவலை என்று அப்பா சொல்கிறார்.'"

"உண்ணிகிட்டப் பேசிட்டோம் மேடம். இப்ப கேட்டாத்தான் பாடுறான்."

"யாராவது கேட்கறாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல."

குமாஸ்தா கூடச் சிரித்தான். பிரமீளா அடுத்த பக்கம் திருப்பினார். சிரிப்பு நின்றது.

"இந்த மாசம் ஒன்னுமே இல்லையே."

"வரல மேடம்."

"எத்தனை வீடு போறீங்க?"

"எண்பத்திரண்டு."

"எண்பத்திரண்டு வீடு, ஒரு மாசம், இந்த மழை. வண்டி லேட்டாயிருக்கும், யாராவது கோபமாப் பேசியிருப்பாங்க. ஒரு குறை கூட இல்ல?" அவர் புத்தகத்தை மூடினார். "குறை வர்ற இடத்துல எனக்குப் பயமில்ல மாஷே. வராத இடத்துக்குத்தான் நான் பயப்படுவேன்."

குமாஸ்தாவின் பையிலிருந்து ஒரு காகிதம் வெளியே வந்தது. மடிப்புக்குள் எழுத்து தெரிந்தது. டிராயரில் கிடக்கும் கடிதத்தின் அதே சாய்ந்த எழுத்து.  பிரகாசன் ஒன்றைப் பெட்டியில் போட்டு, நகலை மேலே அனுப்பியிருக்கிறான்.

"ஞாயிற்றுக்கிழமை உங்க பெட்டியில போட்டதா எழுதியிருக்கார். பெட்டிச் சாவி யார்கிட்ட?"

"சைனபாகிட்ட" என்றார் மாஷ். "அதுல சந்தேகமே வேண்டாம் மேடம். பதினோரு வருஷமா அவங்ககிட்டத்தான். நான் என்னைச் சந்தேகப்பட்டாலும் அவங்களைச் சந்தேகப்பட மாட்டேன்."

சிமெண்ட் மூட்டையை இறக்கி வைக்கலாம். இந்த வார்த்தையை இறக்கி வைக்க இடமில்லை.

ரஸீனா காகிதத்தை வாங்கிப் படித்தாள். படிக்கும்போதே அவள் கை பதிவேட்டைப் புரட்டியது. வேலாயுதன் பக்கம் வந்தது.

"இல்லைன்னு..." என்றாள். "உப்பா இல்லைன்னுதானே சொன்னார்."

"அவறான் உன் உப்பாவா?" பிரமீளா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். "இது உன் கையெழுத்து. ரெண்டாவது சாட்சி?"

மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னோடது. அவ நீட்டினா, நான் போட்டேன். இங்க யாரும் யாரையும்..."

"நம்புவீங்க. தெரியும். எல்லாச் சங்கத்துலயும் இதே சொல்றாங்க." பிரமீளாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "பத்து மார்ஃபின் எங்கன்னு தெரியல. இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நர்ஸ். நான் எழுதினா வழக்கு முதல்ல இவ பேர்லதான் வரும். சான்றிதழ் போகும். சங்கத்துக்கு மருந்து வைக்கிற அனுமதி போகும். புரியுதா?"

ரஸீனா தலையாட்டினாள். காலையில் சிரித்த முகம் இதுதான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"பெட்டியில கடிதம் இருந்ததா இல்லையா?" பிரமீளா சைனபாவைக் கேட்டார்.

இல்லை என்று சொல்லலாம். மழையில் கரைந்திருக்கும் என்று சொல்லலாம். சொன்னால் பிரகாசன் பொய்யனாவான். மகள் தப்பலாம். சைனபாவின் நாக்கு 'இல்லை' என்ற வார்த்தை வரை போய்விட்டது.

அப்போது ரஸீனா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. உம்மா உண்மை சொல்வாள், அதோடு இது முடிந்துவிடும் என்ற நிம்மதிதான் இருந்தது. உப்பாவையும் அவள் இப்படித்தானே பார்த்திருப்பாள்.

"இருந்தது" என்றாள் சைனபா. "திங்கட்கிழமை நான் தனியாத் திறந்தேன். எடுத்துட்டுப் போயிட்டேன். எங்க வீட்டு மெஷின் டிராயர்ல இருக்கு."

"உம்மா!"

மாஷ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவரைக் கூப்பிடுங்க" என்றார் பிரமீளா.

கூப்பிடத் தூரம் போக வேண்டியதில்லை. சைனபா ஜன்னலைத் திறந்தாள். கீழே தார்ப்பாய் போட்ட லாரிக்கும் கிடங்குக்கும் நடுவே அவறான் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். ஜன்னல் கதவு சுவரில் மோதியது. அவர் நின்றார். மூட்டையோடு நிமிர்ந்து பார்க்க முடியாது. உடம்பைத் திருப்பி நின்றார். பிறகு அதைக் கிடங்கில் இறக்கிவிட்டு, கூலிக்காரர்களிடம் ஏதோ சொல்லிவிட்டுப் படி ஏறி வந்தார்.

*

"நான்தான் வாங்கினேன்" என்றார் அவறான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. உடம்பெல்லாம் சிமெண்ட். மழையில் அது கழுத்தில் பூசியது போல இறுகியிருந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"படுக்கையைச் சுருட்டித் தலையில வச்சு வந்துட்டிருந்தேன். குண்டுபாலம் முங்கிப்போச்சு. வழி இல்ல. அந்தக் கரையிலதான் பஸ் கண்டக்டர் சுகதன் வீடு. தண்டுவடத்துல புத்துநோய். உங்களுக்குத் தெரியாது மேடம், முப்பது ஊர்ப் பேரையும் மூச்சு விடாமக் கூவி ஆளை ஏத்துவான். அந்தக் குரல்தான் ரோடு வரைக்கும் கேட்டுது. ஊர்ப் பேர் இல்ல. வெறும் கத்தல்."

ரஸீனா முணுமுணுத்தாள். "அந்த வெள்ளிக்கிழமை. ரெண்டு நாள் வண்டி போக முடியல. அவருக்கு மாத்திரை தீர்ந்து போச்சு."

"உள்ள போனேன். பொண்டாட்டி ஷைனி அழுதுட்டு நிக்குது. அவன் சுவத்தைக் கடிச்சுட்டுக் கிடக்கான். என் சட்டைப் பையில அட்டை." அவறான் தன் கையைப் பார்த்தார். "நாப்பது வருஷமா மூட்டை தூக்கறேன். எது தூக்கலாம், எது முடியாதுன்னு பார்த்ததும் தெரியும். அந்தச் சத்தத்தை என்னால தூக்க முடியல. ஒன்னு உரிச்சுக் கொடுத்தேன். மிச்ச ஒன்பதும், நாளைக்கும் வண்டி வராட்டி வேணுமேன்னு, அவன்கிட்டயே விட்டுட்டு வந்தேன்."

"அவருக்கு இதே மாத்திரைதானா?" பிரமீளா ரஸீனாவைக் கேட்டார்.

"இதேதான். இதே அளவு."

"இதை ஏன் மகள்கிட்டச் சொல்லல?"

"சொன்னா அவ எழுதணும். எழுதினா மாட்டிக்குவா. சொல்லாட்டி அவளுக்குத் தெரியாது. தெரியாதவளுக்கு ஏது தப்புன்னு நினைச்சேன்." அவர் முதல்முறையாக மகளைப் பார்த்தார். "அவளோட கையெழுத்து அதுக்குக் கீழ வரும்னு யோசிக்கல. எனக்குக் கையெழுத்துன்னா லாரி எண்ணிக்கைக்குப் போடறது. அவ்வளவுதான்."

 ரஸீனா வேறொரு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சுகதன் பக்கம். விரல் வரி வரியாக இறங்கியது.

"உப்பா, அந்த ஒன்பதையும் அவர் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டிருப்பான்."

"இல்ல. மறுநாள் விடியக்காலையே பாலம் திறந்ததும் நான் போய் அவருக்குண்டானதைக் கொடுத்துட்டேன். அதுக்கப்புறம் வாரா வாரம் எண்ணிப் பார்க்கறேன். ஒன்னு கூடக் குறையல, கூடல. அந்த ஒன்பதைச் சாப்பிட்டிருந்தா நான் கொடுத்தது மிஞ்சியிருக்கும்; அதைத் தொடவே இல்ல அவர். அது அந்த வீட்டுல எங்கயோ சும்மா இருக்கு."

"இருந்தா நல்லதுதானே?" என்றார் மாஷ். "திருப்பி வாங்கிட்டா..."

ரஸீனா பதிவேட்டை மூடினாள். முகத்தில் இப்போது இருந்த பயம் வேறு மாதிரி இருந்தது.

"அந்த வீட்டுல மாளு இருக்கா மாஷே. ரெண்டு வயசு. கையில கிடைச்சதெல்லாம் வாயில போடுவா."

பிரமீளா எழுந்தார். "என் ஜீப்புல ஏறுங்க" என்றார்.

*

குண்டுபாலத்துக்கு இரண்டடி கீழே தண்ணீர் ஓடியது. மாஷைச் சங்கத்தில் விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் ஏற்றிய ஜீப் தாண்டியது. 

சுகதன் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தான். நாற்பத்து நான்கு வயது, உடம்பு பதினாலு வயதுப் பையனுக்கு உண்டானது. மின்சாரம் இல்லை. அறை பகலிலேயே இருண்டிருந்தது.

"அடடே! வண்டி நிறைய ஆளு!" என்றான். "ஏறு ஏறு, முன்னாடி தள்ளி நில்லு. அவறானிக்கா, நீங்க டிக்கெட் எடுக்காமலே ரொம்ப நாளா ஏறுறீங்க. ரஸீனா மோளே, இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே, உன் முறை இல்லையே?"

"சேட்டா, அன்னிக்கு உப்பா விட்டுட்டுப் போன அட்டை எங்க?"

சிரிப்பு நின்றது. அவன் பிரமீளாவைப் பார்த்தான், குமாஸ்தாவைப் பார்த்தான்.

"எடுத்துட்டுப் போகாதே" என்றான். குரல் தாழ்ந்துவிட்டது. "வலிக்கு நீ கொடுக்கறது போதும். அது மழைக்கு வச்சிருக்கேன். அந்த ரெண்டு நாள் இருக்கே, கடைசி வண்டி போயிட்ட ஸ்டாண்டுல நிக்கற மாதிரி. இனி எத்தனை வண்டி வராட்டியும் தலைமாட்டுல அது தொங்குதுன்னு நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

"எங்க தொங்குது?"

"என் பையில."

கண்டக்டர் பை. இருபது வருஷம் தோளில் போட்ட தோல் பை. கட்டில் கம்பியில் அது தொங்கவில்லை. தரையில், கட்டில் காலுக்குப் பக்கத்தில், வாய் திறந்து கிடந்தது. சுற்றிலும் பழைய டிக்கெட்டுகள், கிழித்துக் கிழித்துப் போட்டவை.

"மாளு காலையில எடுத்துக்கிட்டா" என்றான் சுகதன். "எனக்கு டிக்கெட் கொடுத்து விளையாடறா. அட்டை பைக்குள்ள சின்ன அறையில இருக்கே, பொத்தான் போட்டு..."

பொத்தான் பிய்ந்திருந்தது. ரஸீனா பைக்குள் கை விட்டாள். அட்டை வந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

இரண்டு குழி காலி.

"சேட்டா, நீங்க எத்தனை சாப்பிட்டீங்க?"

"ஒன்னு. அவறானிக்கா உரிச்சுக் கொடுத்தாரே, அதோட சரி. மாளு மேல சத்தியமா."

ஒரு குழியின் தாள் ஒழுங்காகப் பிரிந்திருந்தது. மற்றது பிய்ந்து தொங்கியது. அதன் ஓரத்தில் சின்னச் சின்னப் பல் தடம்.

"ஷைனி!" ரஸீனா கத்தினாள். "மாளு எங்க?"

ஷைனி அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். "தூங்கறா சேச்சி. எப்பவும் மூணு மணிக்குத்தான். இன்னிக்கு மத்தியானமே, இப்ப அரை மணி நேரம் முன்னாடி, தானாப் படுத்துட்டா. நானும் நல்லதாப் போச்சுன்னு அரிசி..."

அதற்குள் ரஸீனா தொட்டிலுக்குள் கை விட்டுக் குழந்தையைத் தூக்கியிருந்தாள். தலை அவள் தோளில் சாய்ந்தது. தூங்குகிற எல்லாக் குழந்தையின் தலையும் அப்படித்தான் சாயும். அவள் இமையை விரித்துப் பார்த்தாள். மார்பில் கை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் வீட்டில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"மூச்சு சரியா இருக்கு. கண்ணு பாப்பா சுருங்கியிருக்கா இல்லையான்னு இந்த இருட்டுல சொல்ல முடியல."  "உள்ள போயிருந்தா இனிமேத்தான் தெரியும். தெரியற வரைக்கும் இங்க உட்கார முடியாது. ஆஸ்பத்திரியில இதை முறிக்கற மாத்து ஊசி இருக்கு."

"பாலம் முங்கறதுக்குள்ள கிளம்பு" என்றார் பிரமீளா. வாக்குமூலம் வாங்க எடுத்த காகிதத்தைக் குமாஸ்தாவின் கையில் திணித்துவிட்டு அவரே ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். ஷைனி செருப்பில்லாமல் ஓடி ஏறினாள். வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.

அவறான் ஜீப்பின் படியில் கால் வைத்தார்.

"நீங்க வேண்டாம் உப்பா."

அவர் காலை எடுத்தார்.

ரஸீனா குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "மாளு, மாளு மோளே, அடுத்த ஸ்டாப்பு என்னடி?" என்றாள். குழந்தை சிணுங்கியதா, இல்லை ஜீப் கிறீச்சிட்டதா என்று தெரியவில்லை.

"தரையில தேடுங்க" என்றாள், தகப்பனின் முகத்தைப் பார்க்காமல். "கடிச்சுத் துப்பியிருக்கலாம். உருண்டு போயிருக்கலாம். கிடைச்சா உடனே போன் பண்ணுங்க. கிடைச்சுதுன்னா..."

குமாஸ்தாவும் ஏறிக்கொள்ள, ஜீப் போய்விட்டது.

*

அவறான் மண்டியிட்டார்.

தலைத்துண்டை அவிழ்த்துத் தரையை ஒற்றினார். டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாயைத் தூக்கி உதறினார். வெள்ளையாக ஒன்று தெரிந்தது, அரிசி. இன்னொன்று; சுண்ணாம்புச் சிலும்பு. சைனபா பின்னாலேயே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

கட்டிலில் சுகதன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். இடுப்புக்குக் கீழே அசையாத உடம்பு. இறங்கித் தேட முடியாது.

"என் குழந்தை டிக்கெட் கொடுத்தா இக்கா" என்றான் விரல்களுக்குள்ளிருந்து. "'அச்சா, ஆஸ்பத்திரி ஒன்னு'ன்னு கொடுத்தா. நான் சிரிச்சேன்."

 சைனபாவின் மனதில் ஒரே கணக்குத்தான் ஓடியது. திங்கட்கிழமை. கடிதம் திங்கட்கிழமை கையில் கிடைத்தது. அன்றைக்கே மாஷிடம் நீட்டியிருந்தால் செவ்வாய்க்கிழமை யாராவது இந்த வீட்டுக்கு வந்திருப்பார்கள். அட்டையைக் கேட்டிருப்பார்கள். பையின் பொத்தான் அப்போது பிய்ந்திருக்காது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் நூல்கண்டு வைத்தாள், டப்பா வைத்தாள், கத்தரிக்கோல் வைத்தாள்.

"மகளைக் காப்பாத்தறேன்னு நினைச்சேன்" என்றாள்.

"நானும்தான்" என்றார் அவறான், தரையைப் பார்த்தபடி.

அவர் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கையை நீட்டினார். சுவரும் கட்டில் காலும் சேரும் மூலை. அங்கே கை நுழைய இடம் இல்லை. தோள் எலும்பு கம்பியில் இடிக்க இடிக்க உள்ளே தள்ளினார். சிலந்தி வலை. ஈரம். ஒரு பழைய நாணயம். அதற்கும் அப்பால்.

கை நின்றது.

சைனபாவுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு மூச்சு விடாமல் கிடந்தது.

"என்ன?"

அவர் விரல்களை மட்டும் அசைத்தார்.

"என்னங்க, என்ன?"

"விரல்ல ஏதோ பட்டுது" என்றார் அவர். சந்தை முழுக்கக் கேட்கும் குரல், அது அவ்வளவு சின்னதாகப் போய் அவள் கேட்டதில்லை. "வட்டமா இருக்கு. மாத்திரையோ, பைப் பொத்தானோ, ரெண்டும் இவ்வளவுதானே இருக்கும்... வெளிச்சத்தைக் கிட்டக் கொண்டு வா."

சைனபா குனிந்து டார்ச்சை நீட்டினாள். நீட்டிய அவசரத்தில் வெளிச்சம் சுவரில் விழுந்தது, பையில் விழுந்தது, கிழிந்த டிக்கெட்டுகளில் விழுந்தது. அவர் விரல் இருந்த இடத்தில் மட்டும் விழவில்லை.